நைனாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கி

படாளம்
12.6.2024

அக்காவுக்குத் தயாளன் எழுதுவது.

போன் போட்டால் நீயும் கத்துவாய், நானும் கத்துவேன். நைனா காரியத்தன்று பந்தலில் சொந்தபந்தம் எல்லாம் வேடிக்கை பார்க்க நாம் போட்ட சத்தமே போதும். அதனால்தான் உன் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறேன். கடிதத்தில் கத்த முடியாது பார், அதற்குத்தான் இது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம், எழுத்துப்பிழை இருந்தால் வாத்தியாரம்மா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

விஷயம் உனக்குத் தெரியும். நைனாவின் துப்பாக்கி. தேர்தல் வருகிறதென்று மார்ச்சில் எல்லோரையும் போல நைனாவும் ஸ்டேஷனில் ஒப்படைத்தார். ஏப்ரலில் அவரே போய்விட்டார். இப்போது தேர்தல் முடிந்து, அவரவர் துப்பாக்கி அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. நம்முடையது மட்டும் ஸ்டேஷனில் கிடக்கிறது. ஏட்டைப் போய்க் கேட்டேன். "லைசென்ஸ் யாரு பேர்ல கீதோ அவரு செத்துட்டாரு. வாரிசுங்க எல்லாம் ஆட்சேபணை இல்லன்னு கையெழுத்துப் போட்டு உன் பேருக்கு மாத்திகினு வா. அதுவரைக்கும் குழாயைத் தொட வுட மாட்டேன்" என்றார். வாரிசு என்றால் நீயும் நானும்தான். என் கையெழுத்து தயாராக இருக்கிறது.

வேர்க்கடலை போட்டிருக்கிறேன். போன வாரம் பன்றிகள் இறங்கி, டிராக்டர் விட்டு உழுத மாதிரி ஒரு மூலையைப் புரட்டிப் போட்டுவிட்டன. ராத்திரியெல்லாம் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வரப்பைச் சுற்றுகிறேன். பகலில் படுத்தால் உடம்புதான் கட்டிலில் இருக்கிறது, காது வயலில் கிடக்கிறது. சுவரில் பல்லி கத்தினால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

நைனா அதில் ஈய ரவை போட்டுச் சுட்டதே கிடையாது. மருந்து, தேங்காய் நார், கம்பியால் ஒரு இடி. டமாரென்று ஒரு சத்தம் கேட்டால் பன்றிக் கூட்டம் பத்து நாள் தலைகாட்டாது. அதைத்தான் நானும் செய்யப் போகிறேன். அதுவும் ஐப்பசி வரைக்கும்தான். ஏரிக்குப் பறவை வந்துவிட்டால் நம் ஊரில் சத்தமே கூடாது என்பது உனக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? தீபாவளிக்கே பட்டாசு வெடிக்காத ஊர். அதனால் சீக்கிரம் கையெழுத்துப் போட்டு அனுப்பு. பேப்பரை உள்ளே வைத்திருக்கிறேன்.

பாலு மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தயாளன்

*

படூர்
19.6.2024

தம்பி தயாளனுக்கு,

கடிதம் வந்தது. எழுத்துப்பிழை இல்லை. கையெழுத்துத்தான் கோழி கிளறிய மாதிரி இருக்கிறது.

நான் கையெழுத்துப் போட மாட்டேன். பந்தலில் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன், சத்தம் போடாமல்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் உனக்கு ஞாபகம் இருக்கும். வாய்க்கால் தண்ணீருக்காகப் பக்கத்து வயல் எல்லப்பனோடு நீ சண்டை போட்டாய். அவன் ஏதோ சொன்னான், நீ உள்ளே ஓடி வந்து துப்பாக்கியை எடுத்தாய். லீவுக்கு வந்த நான் நடையில் நின்றுகொண்டிருந்தேன். எல்லப்பன் நம் வாசலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டு, "சுடு பாப்போம், நான் இங்கதான் குந்திகினு கீறேன்" என்றான். நீ மருந்தைக் கொட்டினாய். நாரை உருட்டி இடித்தாய். ரவையைப் போட்டாய், அன்றைக்கு ரவை போட்டாய் தயாளா, மறுபடி நார், மறுபடி இடி. கடைசியாகச் செருக வேண்டிய அந்தச் சின்ன வெடிமூடிக் கேப்பைத் தவறவிட்டுத் தரையெல்லாம் தடவினாய். சோற்றுத் தட்டின் முன்னால் இருந்த நைனா தலையைக்கூடத் தூக்கவில்லை. "தேடாத. என் காலுக்கு அடியில கீது. மொதல்ல குந்தி சோறு துன்னு" என்றார். அதற்குள் ஆராயி வந்து புருஷனைத் திட்டிக்கொண்டே இழுத்துப் போய்விட்டாள். நீ உட்கார்ந்து சோறு தின்றாய்.

எல்லப்பனைக் காப்பாற்றியது நைனா என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் துப்பாக்கி நிரப்ப எடுத்துக்கொண்ட நேரம்தான் காப்பாற்றியது.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றி நான் தேடித் தேடிப் படித்தேன். முதலில் நெருப்புத் திரியை வைத்துச் சுட்டார்கள். மழை வந்தால் திரி அணையும், சண்டை நிற்கும். அப்புறம் சக்கிமுக்கிக் கல். அப்புறம் நம் வீட்டில் இருப்பது போலக் கேப்பு. அப்புறம் பின்பக்கம் திறந்து தோட்டாவைச் செருகுவது. அப்புறம் வரிசையாக அடுக்கிய தோட்டா. கடைசியில் விசையை அழுத்திப் பிடித்திருந்தால் போதும், அதுவே பொழிந்து தள்ளும். ஐந்நூறு வருஷமாகப் பெரிய பெரிய மூளைகள் உட்கார்ந்து குறைத்துக்கொண்டே வந்தது ஒன்றைத்தான். கோபம் வருவதற்கும் குண்டு போவதற்கும் நடுவில் இருந்த நேரம்.

உனக்கும் எல்லப்பனுக்கும் இன்றுவரை பேச்சு இல்லை. நீயோ தூக்கமில்லாமல் அலைகிறாய். இந்த நிலையில் உன் கையில் அதைக் கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது. கோபித்துக்கொள், பரவாயில்லை.

பழைய புடவைகளை மூட்டையாகக் கட்டி பஸ்ஸில் போட்டு விடுகிறேன். பன்றி வராமல் வயலைச் சுற்றிக் கட்டு.

அக்கா பூங்கொடி

*

படாளம்
3.7.2024

அக்காவுக்கு,

புடவை வந்தது. கட்டினேன். பன்றி உன் நீலப் புடவையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. பாவம், மாமா தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்ததாக இருக்கும்.

எல்லப்பன் கதையை நீ விடமாட்டாய். அது அன்றைக்கு ஒரு நாள் வந்த கோபம். இப்போது எனக்கு நாற்பத்தி நாலு. அவனோடு பேசுவதில்லைதான். பேசாவிட்டால் சுடுவார்கள் என்றால் ஊரில் பாதிப் பேர் உயிரோடு இருக்க மாட்டார்கள்.

நீ படித்ததை நானும் படித்திருக்கிறேன். தூக்கம் வராதவனுக்குப் போனைவிட்டால் வேறென்ன துணை? உன் கணக்கில் ஒன்றை விட்டுவிட்டாய். அந்தக் கேப்பைக் கண்டுபிடித்ததே பறவையால்தான். ஸ்காட்லாந்து தேசத்தில் ஒரு பாதிரியார், பறவை சுடுவதில் பைத்தியம். சக்கிமுக்கித் துப்பாக்கியில் முதலில் வெளியே பொறியும் புகையும் எழும், அப்புறம்தான் குண்டு கிளம்பும். பறவை பொறியைப் பார்த்ததும் விலகிவிடும். பொறியே தெரியாமல் அடித்தால் என்ன என்று யோசித்து யோசித்து, தட்டினால் தானே பற்றும் மருந்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தார். ஒரு சாமியார் பறவையை ஏமாற்றச் செய்த வேலை. நம் ஊர்க்காரன் யாராவது அங்கே இருந்திருந்தால் கையைப் பிடித்திருப்பான்.

இன்னொன்று. நீயும் போலீஸும் இதைத் துப்பாக்கி துப்பாக்கி என்று பயப்படுகிறீர்கள். இது ரைஃபிளே இல்லை. ரைஃபிள் என்றால் குழலுக்குள்ளே திருகு மாதிரி வரி வெட்டியிருப்பான். குண்டு அந்த வரியில் சுழன்றுகொண்டே வெளியே வரும். பம்பரம் சுற்றும்வரை சாயாது இல்லையா, அதே மாதிரி குண்டும் தடுமாறாமல் நேராகப் போகும். அந்த வரி வந்ததும்தான் தூரத்தில் நிற்கிறவனையும் குறிவைத்து அடிக்க முடிந்தது. ஆனால் வரியில் இறுக்கிப் பிடிக்கக் குண்டைச் சுத்தியலால் அடித்து இறக்க வேண்டியிருந்ததாம், அதனால் ரொம்ப நாள் பட்டாளத்துக்கு அது ஒத்துவரவில்லை. பிறகு அடிப்பக்கம் குழிந்த குண்டு ஒன்று செய்தான், சுட்டதும் அதுவே விரிந்து வரியைக் கவ்விக்கொண்டது. என்ன மூளை பார். நைனாவின் குழல் உள்ளே வழவழவென்று இருக்கும், வெறும் தண்ணிக் குழாய். அதில் சுட்டால் எதிரே நிற்கும் யானைக்கே பாதி ரவைதான் படும்.

பழைய சாமான்தான். இப்போது வருகிற பன்னிரண்டு போர் துப்பாக்கி எல்லாம் நடுவில் மடக்கித் தோட்டாவைச் செருகினால் முடிந்தது. சரி, அதை விடு. கையெழுத்துப் போடு அக்கா. கடலைக் கொடி பூ விட்டு விழுது இறக்குகிற நேரம் இது.

தயாளன்

*

படூர்
20.7.2024

தயாளனுக்கு,

நேற்று ஜெயப்பிரியா எனக்குப் போன் செய்தாள். உன் பெண்டாட்டி என்னிடம் பேசினாள் என்று அவளைக் கடிந்தால் நான் நேரில் வந்து உன் காதைத் திருகுவேன்.

"அண்ணி, அவரு சரியா சாப்புடறதும் இல்ல, தூங்கறதும் இல்ல. துப்பாக்கிப் படத்தையே போன்ல பாத்துகினு கீறாரு. பேர் மாறினதும் பழசைக் குடுத்துட்டு இரட்டைக்குழல் வாங்கப் போறாராம். செங்கல்பட்டுல ஆளைப் பாத்துப் பேசி வச்சிட்டாரு" என்றாள்.

ஆக, உனக்கு வேண்டியது நைனாவின் டமார் சத்தம் இல்லை. மடக்கித் தோட்டாவைச் செருகினால் முடிகிற சாமான். என்னிடம் ஏன் மறைத்தாய்? பழசு என்றால் நான் என்றைக்காவது மனசு மாறியிருப்பேனோ என்னவோ. புதுசுக்கு மாட்டவே மாட்டேன். உன் கோபத்துக்கு முன்னால் நிற்கிற அந்த இரண்டு நிமிஷத்தை என் கையால் நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

போன ஞாயிறு உன் மாமாவோடு மாமல்லபுரம் போய்விட்டு அப்படியே சதுரங்கப்பட்டினம் கோட்டைக்கும் போனோம். வாசலில் பீரங்கி கிடக்கிறது, பிள்ளைகள் மேலே ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மதில்மேல் நின்று கடலைப் பார்த்தேன். இங்கே காவல் நின்ற டச்சுக்காரச் சிப்பாய்க்கும் ராத்திரி முழுக்கக் காது கடலில்தானே கிடந்திருக்கும் என்று நினைத்தேன். உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது. அவர் சுண்டல் வாங்கிக் கொடுத்தார்.

மருத்துவரைப் பார், தயாளா. தூக்கத்துக்கு மாத்திரை தருவார்கள். அது ஒன்றும் அவமானம் இல்லை. சோலார் வேலிக்கு மானியம் தருகிறார்களாமே, விண்ணப்பித்தாயா?

பூங்கொடி

*

படாளம்
14.8.2024

அக்காவுக்கு,

கடலை போயிற்று. பிடுங்க ஒரு வாரம் இருக்கும்போது மொத்தமாக இறங்கிவிட்டன. மீதி இருந்ததைப் பிடுங்க ஆள் வைத்தால் கூலிக்குக்கூடத் தேறாது என்று மாட்டுக்கு விட்டுவிட்டேன்.

நீ மதில்மேல் நின்று சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே என்னை நினைத்ததற்கு நன்றி.

இரட்டைக்குழல் ஆசைப்பட்டேன், உண்மை. ஊரில் ஒருவனுக்கும் இல்லாததை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் கொலைகாரனா? மாமா புதுக் கார் வாங்கினாரே, யார்மேல் ஏற்ற வாங்கினார் என்று நான் கேட்டேனா?

சோலார் வேலிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வரிசையில் இருக்கிறதாம். அது வருவதற்குள் பன்றிக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிடும்.

இனி உன் கையெழுத்து வேண்டாம். அடுத்து சம்பா நடப் போகிறேன். லைசென்ஸே தேவைப்படாத ஒன்று இருக்கிறது, அதை வைத்துக்கொள்கிறேன்.

தயாளன்

*

படூர்
18.8.2024

தயாளா,

லைசென்ஸ் தேவைப்படாதது என்றால் என்ன? எவனிடமாவது திருட்டுத் துப்பாக்கி வாங்கினாயா? ஜெயப்பிரியா போனை எடுக்கவில்லை. நீ உடனே பதில் போடாவிட்டால் நான் கிளம்பி வருவேன்.

அக்கா

*

படாளம்
22.9.2024

அக்காவுக்கு,

நீ வந்து மோட்டார் கொட்டகைக் கதவைத் தட்டியபோது நான் வேண்டுமென்றேதான் திறக்கவில்லை. உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன். நீ ஜெயப்பிரியாவிடம் அழுதுவிட்டுப் போனதை அவள் சொன்னாள். அதற்காகத்தான் இப்போது எழுதுகிறேன்.

திருட்டுத் துப்பாக்கி எல்லாம் இல்லை. கம்பி. வயலைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஒற்றைக் கம்பி இழுத்து, கொட்டகையிலிருந்து கரண்ட் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் போடுவேன், விடிந்ததும் எடுப்பேன். இந்தப் பக்கம் பலபேர் செய்வதுதான்.

நீ லேபில் நிற்கிறவள், திட்டுவாய். கேள். போடும்போது எண்ணெய் டின் தகரத்தைத் தட்டுவேன். எடுக்கும்போதும் தட்டுவேன். தகரச் சத்தம் கேட்டால் கம்பியில் கரண்ட் என்று சுற்றுவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், பேசாத எல்லப்பனுக்கும் தெரியும். அவன் பெண்டாட்டிகூட, "தகரம் தட்டினாரு, ஆட்டைப் புடிச்சிக் கட்டு" என்று கத்துவது எனக்குக் கேட்கிறது.

பன்றி ஒன்று செத்தது. மற்றவை இந்தப் பக்கமே வரவில்லை.

தயாளன்

*

படூர்
6.10.2024

தம்பி தயாளனுக்கு,

இந்தக் கடிதத்தோடு கையெழுத்துப் போட்ட பேப்பர் இருக்கிறது. உன் மாமா சாட்சி போட்டிருக்கிறார்.

துப்பாக்கியை வாங்கிக்கொள். நைனாவுடையதோ, இரட்டைக்குழலோ, எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள். அந்தக் கம்பியை மட்டும் எடுத்துவிடு.

பிள்ளைகளுக்கு மின்சாரம் சொல்லிக் கொடுக்கிறவள் நான். காய்ந்த தரையில் தப்பித்தவன் ஈரத் தரையில் தப்பிக்க மாட்டான். ஐப்பசி மழை வந்தால் உன் வரப்பு முழுக்க ஈரம். இரண்டு ராத்திரி யோசித்தேன். துப்பாக்கியைக் கண்டு பயந்து நான்தான் உன்னைக் கம்பிக்குத் தள்ளிவிட்டேன். துப்பாக்கி உன் கையில் இருந்தால் உன்னோடு பேசலாம், சோறு தின்னச் சொல்லலாம், கேப்பைக் காலடியில் ஒளிக்கலாம். கம்பியிடம் என்ன சொல்வது?

மின்வாரியத்துக்குப் புகார் எழுதி வைத்திருந்தேன். தம்பிமேல் எப்படிப் போடுவது என்று கிழித்துவிட்டேன். நீ எடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது, எனக்கு அது போதும்.

பூங்கொடி

*

படாளம்
5.11.2024

அக்காவுக்கு,

பேப்பர் கிடைத்தது. தாலுக்கா ஆபீஸில் கொடுத்துவிட்டேன். நீ மனசு இறங்கிப் போட்டாயே, அதுவே எனக்குப் பெரிசு. ஜெயப்பிரியா முன்னால் கண் கலங்கிவிட்டது. கேலி செய்கிறாள்.

ஆனால் துப்பாக்கி வர இன்னும் இரண்டு மூன்று மாசம் ஆகுமாம். வந்தாலும் எதற்கு? தீபாவளிக்கு முன்னாலேயே பறவை வந்துவிட்டது. இந்த வருஷம் கூட்டம் அதிகம். ஏரி மரமெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் வீடுவீடாக வந்து சத்தம் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். "தயாளா, தகரத்தையும் நிறுத்திடு, முட்டை வுடற நேரம்" என்றார்கள். நிறுத்திவிட்டேன்.

கம்பியைத் தை வரைக்கும் விடு அக்கா. நெல் இனிமேல்தான் பால் பிடிக்க வேண்டும். கம்பிக்குச் சத்தம் இல்லை, பறவைக்கும் தொந்தரவு இல்லை. தகரம் இல்லாவிட்டாலும் கரண்ட் உண்டு என்று பக்கத்துக்காரர்களிடம் வாயால் சொல்லி வைத்திருக்கிறேன். அறுத்ததும் முதல் வேலையாக எடுத்துவிடுகிறேன். உன்மேல் சத்தியம்.

பொங்கலுக்கு வா. கதவைத் திறந்து வைக்கிறேன்.

தயாளன்

*

படூர்
9.12.2024

தயாளனுக்கு,

கிளைச் சிறைக்கு எழுதும் கடிதத்தை அவர்கள் படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்களாம். படிக்கட்டும்.

அன்றைக்கு மனு போட்டு உன்னைப் பார்க்க வந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ தலையைக் குனிந்துகொண்டே இருந்தாய். நான் கேட்க வந்ததைக் கேட்காமலே நேரம் முடிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

எல்லப்பன் காரியத்துக்குப் பிறகு அவன் வீட்டுக்குப் போனேன். போகாதே என்று உன் மாமா தடுத்தார். ஆராயி கதவைச் சாத்தவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலாம். பாயைக்கூடப் போட்டாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மழ பேஞ்சி நெல்லு முழுகிகினு கீதுன்னு மடைய வெட்டிவுட விடியக்காத்தால போச்சுமா. நான்தான் கேட்டேன், கம்பில கரண்ட் கீதா பாருன்னு. அதுக்கு அது இன்னா சொல்லிச்சு தெரியுமா. பறவை வந்ததுலேர்ந்து தயாளன் தகரமே தட்டல, கரண்ட நிறுத்திட்டான் போலன்னு சொல்லிச்சு. உன் தம்பி எல்லாருக்கும் சொன்னானாம். கெழக்கால இருக்கறவங்களுக்கு, எதிர்க்கால இருக்கறவங்களுக்கு, ஆடு மேய்க்கறவனுக்குக்கூட. எங்களுக்கு மட்டும் ஏம்மா சொல்லல?"

"அவுனுக்குத் தெரியுமா, அது அந்த வரப்புலதான் வரும்னு?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். எழுந்து வந்துவிட்டேன்.

வக்கீல் நம்பிக்கையாகப் பேசுகிறார். அதைப் பற்றி எனக்கு இப்போது கவலை இல்லை. ஏழு வருஷமாக நீ அவனைச் சுட்டுவிடுவாயோ என்று பயந்தவள் நான். மற்றவர்கள் எல்லோரும் விபத்து என்று நம்பினாலும் எனக்கு உள்ளே ஒன்று நம்ப மறுக்கிறது. அது என்னைத் தின்கிறது. சமைக்கும்போது, பாடம் நடத்தும்போது, பஸ்ஸில் போகும்போது எல்லாம் அதே நினைப்பு.

எனக்காகப் பொய் சொல்லாதே. உனக்குத் தெரியுமா, தெரியாதா?

அக்கா

*

கிளைச் சிறை, செங்கல்பட்டு
17.12.2024

அக்காவுக்கு,

இங்கே ஒரு கட்டுக் காகிதம் வாங்கி, நாலைந்து எழுதிக் கிழித்துவிட்டேன். இதை அனுப்பிவிடுகிறேன்.

நீ கையெழுத்துப் போடத் தாமதித்ததால்தான் இப்படி ஆயிற்று என்று நினைக்காதே. ஆனி மாசமே துப்பாக்கி வந்திருந்தாலும் பறவை வந்த பிறகு அதை நான் தொட்டிருக்க முடியாது. அப்போதும் கம்பிதான் இழுத்திருப்பேன். இது உன் கணக்கில் வராது.

இப்போது நீ கேட்டது. எல்லப்பனுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். மறந்துபோய் விடவில்லை. கிழக்கே சொன்னேன், எதிரே சொன்னேன். அவன் வரப்புக்கு வந்ததும் கால் நின்றது. அவன் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் போய், "அண்ணாத்த, தகரம் இல்லாங்காட்டியும் கரண்ட் கீது" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரிதான். பேசாமல் இருந்தவன் முதலில் பேசினால் தோற்றுப்போனது மாதிரி ஆகிவிடும் என்று இருந்தது. வேறு யாராவது சொல்லிக்கொள்வார்கள் என்று திரும்பிவிட்டேன். தெரிந்தே திரும்பினேன்.

அவன் சாவான் என்று தெரியாது. சாக வேண்டும் என்று நினைக்கவும் இல்லை. நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, அக்கா.

அன்றைக்கு வாசலில் அவனைக் குறிபார்த்திருந்தால்கூட, குழல் நுனியில் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தால் குழலை இறக்கியிருப்பேன். உன் ஐந்நூறு வருஷக் கணக்கில் நேரத்தைத்தான் குறைத்தார்கள் என்று எழுதினாய். நான் அதோடு முகத்தையும் எடுத்துவிட்டேன். யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டிய வேலையே இல்லாமல் செய்துவிட்டேன்.

ஆராயி உன்னிடம் இன்னொன்றும் கேட்டிருப்பாள். நீ எழுதவில்லை, ஆனால் கேட்டிருப்பாள். அது விழுந்தபோது உன் தம்பி எங்கே இருந்தான் என்று. போலீஸும் அதையே திரும்பத் திரும்பக் கேட்டது. மறுபடி போனால் அவளிடம் உண்மையைச் சொல். நான் வீட்டில் படுத்திருந்தேன். மழை பெய்து குளிர்ந்து கிடந்தது. வயலைப் பற்றி நினைப்பே இல்லை. ஜெயப்பிரியா தட்டித் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் நன்றாகத் தூங்கினேன்.

தயாளன்